புலைநரி நகரும் தளதாய்ப் பெரும்பள்ளியும்

பொலன்னறுவைக்குச் செல்வோர் முதலிற் காண்பது பழைய கட்டடங்களை அன்று, நீரையே. ஹபறணைச் சந்தியிலிருந்து மட்டக்களப்பு நோக்கிச் செல்லும் பெருந்தெரு, மின்னேரிக் குளத்தையும் கிரித்தலைக் குளத்தையும் கடந்து வந்து, பராக்கிரம சமுத்திரத்தின் அருகே நகரை அடைகின்றது. எட்டரை மைல் நீளமான அக்குளத்தின் கட்டிலே நின்று மேற்கே பார்ப்பவருக்கு, மறுகரை எது, அதற்கப்பால் எழும் மலை எது என்று எளிதிற் பிரித்தறிய இயலாது. சமுத்திரம் என்று பெயரிட்டோர் வெறும் புகழ்ச்சியாகப் பெயரிடவில்லை என்பது அப்பொழுது விளங்கும். ஒன்றோடொன்று இணைக்கப்பட்ட பல குளங்களின் தொகுதியே இந்தச் சமுத்திரம். அவற்றுள் நகரையொட்டி அமைந்த தோப்பாவெவ, சமுத்திரம் என்னும் பெயர் வருவதற்குப் பன்னூறாண்டுகளுக்கு முன்னரே இருந்தது. அம்பன் கங்கையின் நீர் அங்கமெடிலை என்னும் இடத்தில் மறிக்கப்பட்டு, கால்வாய் வழியாக இதனை வந்தடைகின்றது.

குளத்தைக் கண்ட பின்னர் வழிகாட்டிகள் யாத்திரிகரை அரும்பொருட்சாலைக்கும், பராக்கிரமபாகுவின் அரண்மனை இடிபாட்டிற்கும், அதன்பின் வடக்கே உள்ள முற்றத்திற்கும் அழைத்துச் செல்வர். பார்ப்பதற்கு இது வசதியான வழி. வரலாற்றை விளங்கிக்கொள்வதற்கு உகந்த வழி அன்று. பிற்காலத்துக் கட்டடங்கள் முன்னே வருகின்றன. முற்காலத்தவை பின்னே ஒதுங்கிவிடுகின்றன. நகரம் எவ்வாறு தலைநகரானது என்பதை அறிய விரும்புவோர், முதலில் முற்றத்திற்கு வடகிழக்கே, பபுளு விகாரைக்கு அண்மையில் உள்ள ஒரு சிறிய கற்கோயிலுக்குச் செல்லுதல் நன்று.

அக்கோயிலைத் தொல்பொருளாய்வோர் இரண்டாம் சிவதேவாலயம் என எண்ணிட்டு அழைத்தனர். எண் தேவைப்படாத கோயில் அது. அதன் பெயர் வானவன் மாதேவி ஈச்சரம் என்பது அதன் கல்லிலேயே தமிழில் வெட்டப்பட்டிருக்கின்றது. அடித்தளம் முதல் சிகரம் வரை கல்லாலேயே கட்டப்பட்டமையால், செங்கல்லாற் கட்டிய பெரிய மாளிகைகள் பல கூரையிழந்து நிற்க, இச்சிறு கோயில் ஏறத்தாழ முழு உருவுடன் நிலைபெற்றுள்ளது. கருவறையில் இலிங்கம் உண்டு. வெளியே மூலைகளில் நந்திகள் படுத்திருக்கின்றன. சோழ நாட்டிலே காவிரிக் கரையூர் எதிலேனும் இக்கோயிலைக் கொண்டுபோய் வைத்தால், அவ்வூரார் அதனைத் தம்மூர்க் கோயில்களுள் ஒன்றென்றே கொள்வர். பொலன்னறுவையில் இன்று நிற்கும் கட்டடங்களுள் இதுவே மிகப் பழையதென்பர்.

இது இங்கு எழுந்த காரணம் யாவரும் அறிந்ததே. 993ஆம் ஆண்டளவில் முதலாம் இராசராச சோழனின் படைகள் இலங்கையில் இறங்கின. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகத் தலைநகராயிருந்த அநுராதபுரம் சூறையாடப்பட்டது. ஐந்தாம் மகிந்தன் உரோகணத்திற்கு ஒதுங்கினான். 1017ஆம் ஆண்டில் இராசேந்திர சோழனின் படையினர் அங்கும் சென்று, அரசனையும் அரசியையும் முடி முதலிய அரசுரிமைப் பொருள்களையும் கைப்பற்றிச் சோழநாட்டிற்குக் கொண்டுசென்றனர். மகிந்தன் சிறையிலேயே 1029ஆம் ஆண்டு இறந்தான். சோழர் அநுராதபுரத்தில் தங்கி ஆளவில்லை. உரோகணத்திலிருந்து வரும் எதிர்ப்பைத் தடுப்பதற்கு மகாவலி கங்கையின் துறைகளைக் காத்தல் இன்றியமையாததாயிற்று. அத்துறைகளுக்கு அண்மையில், சிங்கள மன்னர் சிலர் முன்னரே தங்கியிருந்த ஊர் பொலன்னறுவை. பாளி நூல்கள் அதனைப் புலத்திநகரம் என்றன. தமிழ்க் கல்வெட்டுக்கள் புலைநரி என்றன. சோழர் அதற்கு இட்ட புதுப்பெயர் சனநாதமங்கலம். ஆகவே பிற்காலத்திற் பௌத்தக் கலையின் உறைவிடமாகப் புகழ்பெற்ற இந்நகரைத் தலைநகராகத் தெரிந்தெடுத்தோர் பௌத்தரல்லர். படைநோக்கங்கொண்ட சோழ ஆட்சியாளரே. தலைநகரங்கள் பெரும்பாலும் இவ்வாறே தோன்றுகின்றன. சமயம் பின்னரே வந்து அவற்றிற்கு அழகு தருகின்றது.

உரோகணத்திலே இளமையிலிருந்து போராடி வந்த முதலாம் விசயபாகு, 1070ஆம் ஆண்டில் சோழரை இலங்கையினின்றும் வெளியேற்றினான். அவ்வாண்டிலே சோழநாட்டிலும் அரசுரிமைக் குழப்பம் நேர்ந்திருந்தது. வெற்றி பெற்ற மன்னன் பகைவரின் தலைநகரை அழித்துவிட்டு அநுராதபுரத்திற்குத் திரும்பியிருக்கலாம். அவ்வாறு செய்யவில்லை. முடிசூட்டு விழாவை அநுராதபுரத்தில் நடத்திவிட்டு, ஆட்சிக்குப் பொலன்னறுவையையே வைத்துக்கொண்டு, அதற்கு விசயராசபுரம் என்று பெயர் மாற்றினான். வானவன் மாதேவி ஈச்சரத்தை அவன் இடிக்கவில்லை என்பதற்குக் கோயிலே சான்று. அவனது 42ஆம் ஆட்சியாண்டில் கந்தளாயிலே அவன் பெயரால் வழங்கிய விசயராச ஈச்சரத்திற்கு ஓர் அந்தணப் பெண் அளித்த அறக்கொடை பற்றிய தமிழ்க் கல்வெட்டு, பாலமோட்டை என்னும் இடத்திற் கிடைத்துள்ளது. அக்கொடையைக் காக்கும் பொறுப்பை ஏற்றவர்கள் வேளைக்காரப் படையின் ஒரு பிரிவினர். இந்தப் பெயரைக் குறித்துக்கொள்ளல் வேண்டும்.

விசயபாகுவுக்கு முன்னே நின்ற பணி பெரிது. போரினாற் சங்கம் மிகவும் நலிந்திருந்தது. உபசம்பதை என்னும் உயர்நிலைத் துறவு வழங்குதற்கு வேண்டிய ஐந்து பிக்குகளைத்தானும் நாட்டில் ஒருங்குகூட்ட முடியவில்லை. பர்மா நாட்டு மன்னன் அநுருத்தனிடம் தூதனுப்பி, இராமஞ்ஞ தேசத்துப் பிக்குகளை வரவழைத்து மரபை மீண்டும் நிலைநாட்டினான். அவ்வாறே புத்தரின் புனித தந்தமாகிய தளதாவுக்கும் தலைநகரில் இல்லம் அமைத்தல் வேண்டியிருந்தது. தளதா வழிபாட்டிற்குரிய சின்னம் மட்டும் அன்று. அதனைத் தன் காவலில் வைத்திருப்பவனே நாட்டை ஆளுதற்குரியவன் என்னும் நம்பிக்கை அக்காலத்தில் வேரூன்றிக்கொண்டிருந்தது. அரசனின் ஆணைப்படி தேவசேனாபதி என்பவன் கட்டிய தளதா இல்லமே முற்றத்தில் உள்ள அட்டதாகே. கீழ்த்தளத்தின் கற்றூண்கள் இன்று நிற்கின்றன. தளதா இருந்த மேற்றளம் மரத்தாலானது, அழிந்துவிட்டது.

இந்த அட்டதாகேயின் அருகே ஒரு கற்பலகை இருக்கின்றது. வட்டதாகேயின் படிகளில் நின்று படமெடுத்துக்கொள்வோரில் நூற்றுக்கு ஒருவர்தானும் இதன் முன் நிற்பதில்லை. சிற்பம் எதுவும் இதில் இல்லை. தொடக்கத்தில் ஒரு வடமொழிச் சுலோகமும், பின்னர்க் கிரந்த எழுத்துக் கலந்த நெடிய தமிழ் வாசகமும் உள்ளன. பௌத்த மன்னன் ஒருவன் கட்டிய தளதா இல்லத்தைப் பற்றித் தமிழிலே எழுதப்பட்ட சாசனம் இது. எழுதுவித்தோர் வேளைக்காரர்.

வேளைக்காரர் என்போர் கூலிப்படையினரே. ஆயினும் வெறுங் கூலிக்கு வாளெடுப்போர் அல்லர். வேளை வந்தவிடத்துத் தலைவனுக்காக உயிர்விடுவதாகச் சபதஞ் செய்தவர்கள் எனப் பெயருக்குப் பொருள் கூறுவர். சோழரின் படைகளிலும் வேளைக்காரர் இருந்தனர். சோழ ஆட்சி நீங்கிய பின்னரும் இலங்கையில் தங்கியவர்களை விசயபாகு தன் படையிற் சேர்த்துக்கொண்டான். வலங்கை, இடங்கை, சிறுதனம், பிள்ளைகள்தனம், வடுகர், மலையாளர் எனப் பல பிரிவினர் தம்முள் அடங்குவர் என்று அவர்களே கல்வெட்டிற் கூறுகின்றனர். ஆகவே அவர்களை ஒரே இனத்தார் எனச் சொல்லுதல் பொருந்தாது. அவர்களின் எழுத்து மொழி தமிழ் என்பதே பொருந்தும்.

அவர்களின் விசுவாசத்திற்கு ஒரு கறையும் உண்டு. அதனைச் சூளவம்சம் விரித்துரைக்கின்றது. கருநாடக மன்னனிடம் விசயபாகு அனுப்பிய தூதரைச் சோழர் வழியிற் பிடித்து, மூக்கையும் காதையும் அறுத்தனர். சினங்கொண்ட அரசன் 1085ஆம் ஆண்டளவிற் சோழர்மேற் படையெடுக்க ஆயத்தஞ் செய்தான். சோழரை எதிர்த்துக் கடல் கடந்து போரிட வேளைக்காரர் உடன்படவில்லை. தளபதிகள் இருவரைக் கொன்றனர், அரசனின் தங்கை மித்தாவையும் அவளது மூன்று மைந்தரையும் சிறைப்பிடித்தனர், அரண்மனைக்குத் தீயிட்டனர். அரசன் தலைநகரை விட்டு வெளியேறி, படைதிரட்டி மீண்டு வந்தே நகரைக் கைப்பற்றவேண்டியதாயிற்று. கொல்லப்பட்ட தளபதிகளின் உடல் எரிந்த சிதையைச் சுற்றிலும் கலகத் தலைவர்களைக் கட்டி எரியூட்டினான் என்று அந்நூல் சொல்லுகின்றது. கலகத்தில் இறங்காதோரும் தண்டனைக்குத் தப்பியோரும் பணியிலே தொடர்ந்திருத்தல் வேண்டும். ஏனெனில் அடுத்த தலைமுறைக்குள்ளேயே அப்படை மீண்டும் நகரின் பெருவலியாக நிற்கக் காண்கின்றோம்.

1110ஆம் ஆண்டில் விசயபாகு இறந்தான். அவன் 73 ஆண்டு வாழ்ந்து, 55 ஆண்டு ஆண்டவன் என்று அக்கல்வெட்டே கணக்குக் கூறுகின்றது. அவன் கண்மூடியவுடன் அரசுரிமை முறை பிறழ்ந்தது. முன்னாளிற் சிறைப்பட்டிருந்த மித்தாவின் மைந்தர், அரசனின் தம்பி சயபாகுவைச் சிம்மாசனத்தில் ஏற்றினர். உரோகணத்திலிருந்த அரசகுமாரன் விக்கிரமபாகு அதனை ஏற்காது படையுடன் புறப்பட்டான். தளதா இல்லத்திற்கும் அதற்குரிய ஊர்களுக்கும் யார் காவல் என்னும் கேள்வி எழுந்த வேளை அது. அரசன் இல்லை, வரப்போகும் அரசன் யாரென்று தெரியவில்லை. அக்காலத்திலேயே உத்துருள்மூலை என்னும் துறவிப்பள்ளியின் தலைவரும் இராசகுருவுமான முகலன் மகாதேரர், அரச அமைச்சரோடு வந்து வேளைக்காரரை அழைப்பித்து, தளதா இல்லம் உங்கள் காவலில் இருத்தல் வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்.

அரண்மனையை எரித்த படையிடமே தளதாவைக் காக்கும்படி ஒரு மகாதேரர் கேட்டார் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். அவர் அந்தக் கலகத்தை அறியாதவர் அல்லர். நகரிலிருந்த எவரும் அதனை மறந்திருக்க இயலாது. அவர்களால் எரிக்க முடியும் என்பதை அறிந்திருந்தமையாலேயே, அவர்களாற் காக்கவும் முடியும் என்று அவர் கண்டிருக்கலாம்.

வேளைக்காரர் என்ன செய்தனர்? தம் மூத்தோராகிய வலஞ்சியரையும் நகரத்தாரையும் கூட்டினர். வலஞ்சியர் என்போர் கடல்கடந்து வாணிகஞ் செய்த வணிகர். படைவீரரும் வணிகரும் ஒரு சபையாகக் கூடித் தளதா இல்லத்தைத் தம் பொறுப்பில் ஏற்றனர். அதற்கு மூன்றுகைத் திருவேளைக்காரர் தளதாய்ப் பெரும்பள்ளி என்று பெயரிட்டனர். பள்ளி என்பது சமண பௌத்தத் துறவியர் உறைவிடத்திற்குத் தமிழில் நெடுங்காலம் வழங்கிவந்த சொல். காவற் பணிக்கு ஆள் வகுத்து, அதற்கென ஒரு வேலி நிலமும் ஒதுக்கினர். பள்ளிக்குரிய ஊர்களையும், பணியாளரையும், பொருளையும், அங்கு அடைக்கலம் புகுந்தோரையும் தமக்கு அழிவு நேரினும் காப்பதாகவும், தம் மரபு உள்ளவரை, ஞாயிறும் திங்களும் உள்ளவரை இது தொடரும் என்றும் உறுதி கூறினர். இதனை மீறுவோன் படைக்குத் துரோகி; ஐம்பெரும் பாதகஞ் செய்தவன்; புத்த தன்ம சங்கங்களுக்குத் தவறிழைத்தவன்; நரகம் புகுவான் என்று தம்மவரையே தாம் கட்டுப்படுத்திக்கொண்டனர்.

இச்சாசனத்தை இரு சமயங்களின் நட்புக்குச் சான்றாக எடுத்துக்காட்டுவோர் உளர். அது தவறென்று சொல்ல முடியாது. ஆயினும் கல்லை ஊன்றி வாசிப்போருக்கு நட்பைக் காட்டிலும் அச்சமே முன்னே தெரியும். மகாதேரர் அஞ்சினார், ஆதலாற் காவல் கேட்டார். வேளைக்காரர் தம்முள் ஒருவனேனும் சொல் தவறுவானோ என்று அஞ்சினர். ஆதலாற் சாபத்தை நீட்டி எழுதினர். ஒருவரையொருவர் முற்றும் நம்பாத இருவர் செய்துகொண்ட உடன்படிக்கையே இவ்வளவு விரிவாக எழுதப்படும். அன்புடையோர்க்குக் கல் வேண்டுவதில்லை. அந்நிலையிலும் தமிழ் வீரரும் வணிகரும் பௌத்தப் பள்ளியொன்றைத் தம் பெயரால் அழைத்துப் பெருமைகொண்டனர் என்பதும், சங்கத்தின் தலைவர் ஒருவர் அதனை ஏற்றார் என்பதும் இச்சாசனத்தின் தனிச்சிறப்பு.

காவல் நெடுநாள் பயன்படவில்லை. விக்கிரமபாகு வென்று பொலன்னறுவையைக் கைக்கொண்டான். சங்கத்தின் ஊர்களைப் பறித்துத் தன் பணியாளருக்குக் கொடுத்தான் என்றும், விகாரைகள் சிலவற்றில் அந்நிய வீரரைக் குடியேற்றினான் என்றும் சூளவம்சம் குறைகூறுகின்றது. அவன் பக்கத்தை எழுதிவைத்தவர் எவரும் இலர் என்பதையும் நினைவிற்கொள்ளல் வேண்டும். மனம் வெறுத்த பிக்குகள் தளதாவையும் பிட்சாபாத்திரத்தையும் எடுத்துக்கொண்டு உரோகணத்திற்குச் சென்றனர். ஞாயிறும் திங்களும் உள்ளவரை காப்பதாக வெட்டிய கல்லின் அருகே, சில ஆண்டுகளுக்குள் வெறும் இல்லமே எஞ்சியது.

தளதாவை மீட்டவன் முதலாம் பராக்கிரமபாகு. 1153 முதல் 1186 வரை ஆண்ட அவனுக்கு உரோகணத்தரசி சுகலை எதிர்நின்றாள். தளதா அவள் பக்கத்தில் இருந்தது. நெடிய போரின் பின்னரே அது கைப்பற்றப்பட்டு, பெருவிழாவோடு பொலன்னறுவைக்குக் கொண்டுவரப்பட்டது. பிரிந்து கிடந்த மூன்று நிகாயங்களை 1165ஆம் ஆண்டில் ஒன்றாக்கியவனும், வானிலிருந்து விழும் நீரிற் சிறிதேனும் மக்களுக்குப் பயன்படாமற் கடலுக்குப் போகலாகாது என்னும் கொள்கையோடு குளங்களைத் திருத்தியவனும் அவனே. அவன் புகழை விரிக்கப் புகுந்தால் ஏடு கொள்ளாது. பாடநூல்களில் யாவும் உள. தெற்கே பொத்குல் விகாரைக்கருகிற் பாறையிற் செதுக்கிய பெரிய உருவம் அவனுடையதென்று பொதுமக்கள் சொல்லுவர். கையில் இருப்பது ஆட்சிச் சுமையைக் குறிக்கும் நுகம் என்பர் சிலர்; ஏட்டுச் சுவடி என்பர் வேறு சிலர். பின்னையது உண்மையாயின் உருவம் முனிவர் ஒருவருடையதாகலாம். வழக்கு இன்னும் தீரவில்லை.

முற்றத்திலுள்ள வட்டதாகே, இந்நகர்க் கட்டடக்கலையின் மணி எனத்தகும். நாற்றிசை வாயிலும் நாற்றிசை நோக்கிய புத்தர் உருவமும் கொண்ட அதன் வட்ட மேடையில் ஏறுமுன், வாயிற்படியின் அடியிலுள்ள சந்திரவட்டக் கல்லை நோக்குதல் வேண்டும். அநுராதபுரத்துச் சந்திரவட்டக் கற்களில் யானை, குதிரை, சிங்கம், எருது என்னும் நான்கும் வரிசையாகச் செல்லும். பொலன்னறுவையில் எருதைக் காணோம். சைவர் போற்றும் நந்தியின் உருவைக் காலால் மிதித்தல் தகாது என்பதனாற் சிற்பிகள் அதனை விலக்கினர் என்று அறிஞர் பலர் விளக்குகின்றனர். அரசாணை எதுவும் இதுபற்றிக் கிடைத்திலது. உளியோசைக்கு நடுவிலே எவனோ ஒரு தலைமைச் சிற்பி எடுத்த முடிவாக இருக்கலாம்.

வடக்கே நடந்தால் நிசங்கமல்லன் எழுப்பிய ரன்கொத் விகாரையும், கூரையிழந்து ஐம்பதடிக்கு மேல் உயர்ந்த சுவர்களுடன் நிற்கும் இலங்காதிலகமும், அதன் பக்கத்திற் கிரி விகாரையும் வரும். இலங்காதிலகத்தின் உள்ளே நிற்கும் மாபெரும் புத்தர் உருவத்திற்குத் தலை இல்லை. அப்பால் உள்ளது கல் விகாரை. ஒரே கருங்கற் பாறையின் முகத்திலே, அமர்ந்த உருவம் ஒன்றும், குடைந்த குகையினுள் அமர்ந்த சிறிய உருவம் ஒன்றும், ஏறத்தாழ 23 அடி உயரமான நின்ற உருவம் ஒன்றும், 46 அடி நீளமான கிடந்த உருவம் ஒன்றும் செதுக்கப்பட்டுள்ளன. இன்று வெட்டவெளியில் ஒருங்கே தெரியும் இவ்வுருவங்கள், முன்னாளில் தனித்தனிச் சிலைமனைகளுக்குள் விளக்கொளியில் மட்டும் காணப்பட்டவை. பாறையில் வெட்டிய துளைகளும் செங்கற் சுவரின் அடிப்பாகங்களும் இதனைக் காட்டுகின்றன. கைகளை மார்பின்மேற் குறுக்காக வைத்து நிற்கும் உருவம், ஆசானின் பிரிவிற்கு வருந்தும் ஆனந்த தேரர் என்று நெடுங்காலம் கருதப்பட்டது. புத்தரே என்பாரும் உளர். கிடந்த உருவத்தின் இடக்கால் சற்றே பின்வாங்கி, இரு பாதங்களும் ஒத்து நில்லாமல் இருக்கின்றன. உறக்கத்திற்கும் பரிநிருவாணத்திற்கும் உள்ள வேறுபாட்டைச் சிற்பி அந்த ஓரங்குல இடைவெளியில் வைத்தான் என்பர். தலையின் பாரத்தாற் கற்றலையணை அமிழ்ந்திருப்பதைக் காண்போர், அது கல் என்பதைச் சற்று மறப்பர்.

கல் விகாரையில் நிற்போரின் கூட்டம் அதற்கும் வடக்கே போவதில்லை. ஆனால் அங்கே, மரஞ்செடிகள் சூழ்ந்த குன்றுபோல் ஒரு தாதுகோபம் உள்ளது. அதன் பெயர் தெமள மகா சேயா. தமிழ்ப் பெருந் தாதுகோபம் என்பது பொருள். பெயரைக் கேட்டுத் தமிழ்ப் பௌத்தர் எழுப்பியதென்று எண்ணலாகாது. பாண்டிநாட்டு அரசுரிமைப் போரில் தலையிடுவதற்காகப் பராக்கிரமபாகு அனுப்பிய இலங்காபுரன் என்னும் தளபதி, சிறைப்பிடித்து அனுப்பிய தமிழரைக் கொண்டு இது கட்டப்பட்டதென்று சூளவம்சம் கூறுகின்றது. தாதுகோபங்கள் யாவற்றிலும் பெரிதாக, 1,300 முழச் சுற்றளவுடையதாக இது திட்டமிடப்பட்டது, முற்றுப்பெறவில்லை. உச்சி தட்டையாக நிற்கின்றது. வேளைக்காரர் தம் பெயரைத் தாமே வெட்டிய பள்ளிக்கும், பெயர் எதுவுமின்றி மண் சுமந்தோரின் இந்தத் தாதுகோபத்திற்கும் இடையே நடந்து செல்லக்கூடிய தூரந்தான். இலங்கையிலே தமிழரும் பௌத்தமும் சந்தித்த வரலாற்றைச் சொல்லுவோர் ஒன்றைக் காட்டி மற்றதை மறைத்தல் முறையன்று.

பராக்கிரமபாகுவின் பின்வந்த நிசங்கமல்லன் ஒன்பதாண்டே ஆண்டான். ஆயினும் கல்லில் எழுதுவதில் அவனுக்கு நிகர் இல்லை. ஏறத்தாழ 27 அடி நீளமுள்ள கல்பொத்த என்னும் கற்புத்தகம் அவனுடையது. அத்துணைப் பெரிய கல்லை மிகிந்தலையிலிருந்து கொணர்வித்ததும் அதிலே குறிக்கப்பட்டுள்ளது. முன்னோர் கட்டியவற்றிற்கும் தன் பெயரைச் சூட்டிக்கொண்டான் என்னும் ஐயம் அவனைப்பற்றி உண்டு. தளதாவுக்கு அவன் எழுப்பிய இல்லமாகிய ஹட்டதாகே, அட்டதாகேயின் பக்கத்திலேயே நிற்கின்றது.

முற்றத்திற்குத் தெற்கே உள்ள முதலாம் சிவதேவாலயம் பாண்டியர் காலப் பாணியில் அமைந்தது. இந்நகரின் சிவாலயங்களை அகழ்ந்தபோது, 1907ஆம் ஆண்டை ஒட்டியும் மீண்டும் 1960ஆம் ஆண்டிலும், நிலத்தினுள்ளிருந்து வெண்கலத் திருவுருவங்கள் வெளிவந்தன. ஆடவல்லான், உமை, சைவ நாயன்மார், காரைக்காலம்மையார் ஆகியோரின் உருவங்கள் அவற்றுள் அடங்கும். கலாயோகி ஆனந்த குமாரசுவாமி 1914ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலிலும், சேர் பொன்னம்பலம் அருணாசலம் 1916ஆம் ஆண்டில் நிகழ்த்திய சொற்பொழிவிலும் இவற்றின் சிறப்பு எடுத்துரைக்கப்பட்டது. அடியவர் எவரோ ஆபத்தை உணர்ந்து தெய்வங்களை மண்ணுள் ஒளித்திருக்கலாம். பிக்குகள் தளதாவைத் தூக்கிக்கொண்டு ஓடினர். சைவர் வெண்கலங்களைப் புதைத்தனர். இருவரும் அஞ்சியது படையெடுப்பு ஒன்றையே.

அத்தகைய படையெடுப்பு 1215ஆம் ஆண்டில் வந்தது. கலிங்க மாகன், கேரளரும் தமிழரும் கொண்ட பெரும்படையோடு இறங்கிப் பொலன்னறுவையைக் கைப்பற்றி, இருபத்தோராண்டு ஆண்டான். விகாரைகள் சிதைந்தன, ஏடுகள் கயிறறுத்து எறியப்பட்டன என்று பௌத்த நூல்கள் புலம்புகின்றன. பிக்குகள் தளதாவைக் கொத்மலை மலைநாட்டிற்குக் கொண்டுசென்று நிலத்தில் மறைத்துவைத்தனர். அரசு தம்பதெனியாவுக்கும் யாப்பகூவுக்கும் நகர்ந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில், யாப்பகூவிலிருந்த தளதாவை ஆரியச்சக்கரவர்த்தி என்னும் பாண்டியத் தளபதி கவர்ந்து குலசேகர பாண்டியனிடம் சேர்ப்பித்தான். மூன்றாம் பராக்கிரமபாகு போரை நாடாது, பாண்டியனிடம் தானே சென்று இன்சொல்லாற் கேட்டு அதனைப் பெற்று மீண்டு, பொலன்னறுவையில் வைத்தான். அந்நகரில் அரசு வீற்றிருந்த கடைசி மன்னன் அவனே. அவனுக்குப் பின் தளதா குருநாகலுக்குச் சென்றது. குளங்களைப் பேணுவார் இன்றிக் கட்டுக்கள் உடைந்தன, வயல்கள் காடாயின, காட்டோடு மலேரியாவும் வந்தது.

1820ஆம் ஆண்டில் பேகன் என்னும் ஆங்கிலப் படையதிகாரி இக்காட்டினுள் வந்து இடிபாடுகளைக் கண்டு எழுதினார். 1890ஆம் ஆண்டிலே தொல்பொருட் பணியின் தலைமையை ஏற்ற எச். சி. பி. பெல், இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் இந்நகரின் காட்டை வெட்டி அகழ்வித்தார். குளமும் திருத்தப்பட்டு மீண்டும் வயலுக்குப் பாய்ந்தது. 1982ஆம் ஆண்டில் உலக மரபுரிமைப் பட்டியலிற் பொலன்னறுவை இடம்பெற்றது.

தளதா இன்று கண்டியில் இருக்கின்றது. அட்டதாகேயின் தூண்களுக்கிடையே நின்ற புத்தர் உருவம் ஒன்றே உள்ளது. வேளைக்காரரின் கல் அதனருகே இருக்கின்றது. நடுப்பகலில் அதன் எழுத்துக்கள் கண்ணுக்குப் புலப்படுவது அரிது. காலையிலோ மாலையிலோ வெளிச்சம் சாய்வாக விழும்போது செல்லுதல் வேண்டும். எழுத்துக்கள் இன்றைய தமிழெழுத்துக்களுக்கு மிகத் தூரமானவை அல்ல; புள்ளிகள் இரா; இடையிடையே கிரந்தம் குறுக்கிடும். பொறுமையோடு நிற்பவர், பள்ளிச் சிறுவராயினும், சில சொற்களையாவது தாமே எழுத்துக்கூட்டி வாசிக்கலாம்.